சுவிட்சுக்கு அந்தப் பக்கம்

தூத்துக்குடியில் ஜெபக்கனியின் வயரிங் வேலையில் குறை கண்டுபிடிக்க இனிமேல்தான் ஆள் பிறந்து வர வேண்டும். அவளுக்கு முப்பத்தைந்து வயசு. அவளுக்குச் சிஷ்யராக வாய்த்த மாசானமுத்துவோ அறுபதைத் தொடப் போகிறவர். பம்பாயில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர், சும்மா உட்காரப் பிடிக்காமல் அவளிடம் தொழில் பழக வந்தார். முதலில் கிண்டலுக்குத்தான் “குருவே” என்று கூப்பிட்டார். போகப்போகக் கிண்டல் உதிர்ந்துபோய் அந்த அழைப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது மாசானமுத்து தன் வீட்டுக் குளியலறையையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவருடைய அண்ணன் தர்மக்கண்ணுக்காக. பக்கவாதம் வந்து அண்ணனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளையும் கிடையாது. மறுநாள் காலையில் இந்த வீட்டுக்கு வருகிறார். வழுக்காத தரை போட்டாயிற்று, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி அடித்தாயிற்று. கண்ணாடிக்கு மேலே விளக்கு, ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன், ரெண்டுக்கும் வயரிங். அதை மட்டும் வேறு யாரையும் தொட விடாமல் அவரே செய்தார்.

அந்த அண்ணனோடு அவர் பேசி வருஷக் கணக்காகிறது. அம்மா செத்த சேதி கேட்டு, அடித்துப் பிடித்துப் பம்பாயிலிருந்து ரயிலேறி வந்தார். வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் மிச்சம். தம்பி வரட்டும் என்று அண்ணன் காத்திருக்கவில்லை. அம்மா முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க முடியாமல் போனதை மனுஷன் எப்படி மறப்பார், சொல்லுங்கள்.

சாயங்காலம் வேலையைப் பார்க்க ஜெபக்கனி வந்தாள்.

“குருவே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“அண்ணன் மேல இருந்த கோவமெல்லாம் போயிட்டு. சத்தியமாச் சொல்லுதேன், மனசு குளுந்து கெடக்கு. ஆனா அவர் நாளைக்கு வாரார்னு நெனச்சா பயமா இருக்கு. அந்தக் கோவம் நெசமாவே போயிட்டுதா? எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?”

அவள் குளியலறைப் பக்கம் நடந்தாள்.

“வேலையக் காட்டுங்க,” என்றாள்.

மாசானமுத்துவுக்கு வாயெல்லாம் பல். ஈரக்கை படக்கூடாதென்று சுவிட்சுகளைக் கதவுக்கு வெளியே வைத்திருந்தார். ஒன்றைத் தட்டினார், விளக்கு எரிந்தது. அடுத்ததைத் தட்டினார், ஃபேன் சுற்றியது. ரெண்டையும் அணைத்தார். அறை இருண்டு அமைதியானது.

“எப்படி?”

“நல்லா எரியுது. நல்லா அணையுது. பல்பக் கழட்டுங்க.”

விளக்கை அண்ணன் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில்தான் வைத்திருந்தார். கழற்றுவது சுலபமாக இருந்தது. ஜெபக்கனி சட்டைப் பையிலிருந்து, கரண்டு இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டரை எடுத்து நீட்டினாள்.

“ஹோல்டருக்குள்ள வச்சுப் பாருங்க.”

“அணைஞ்ச வெளக்குல என்னத்தப் பாக்க?” என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

டெஸ்டரின் வயிற்றில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு வெளிச்சம்.

“எம்மாடி!” கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெளியே ஓடிப் போய் சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தார். அந்த இருட்டறையில் மறுபடியும் அதே வெளிச்சம். ஃபேனின் கம்பி முனையிலும் வைத்தார். இறக்கை அசையாமல் நிற்கிறது, டெஸ்டரோ எரிகிறது. காலையில் முகம் கழுவின கையோடு இதே ஹோல்டரில்தானே பல்பை மாட்டினார்! விரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

“இது எப்படி குருவே?”

“கரண்டு வாரது ஒரு கம்பி, திரும்பிப் போறது ஒரு கம்பி. சுவிட்சு வார கம்பியத்தான் நிறுத்தணும். நீங்க போற கம்பியில மாட்டியிருக்கிய.”

“ஆனா வெளக்கு அணைஞ்சுதே!”

“அணையும். போக வழியில்லன்னா எரியாது. கரண்டு உள்ள வந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கும்.”

அவர் அந்த ஹோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்க முடியவில்லை.

“எது எந்தக் கம்பின்னு எப்படிப் பிரிச்சிய?” என்று கேட்டாள்.

“பழைய கம்பி, ரெண்டும் கறுத்துப்போயி ஒரே நிறமாக் கெடந்துச்சு. டெஸ்டர் வச்சுப் பாக்கப் பொறுமையில்ல. கைக்கு வந்தத மாட்டுனேன். எரிஞ்சுது, அணைஞ்சுது. சரின்னு விட்டுட்டேன்.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அண்ணனின் இடது கை கண்ணுக்கு முன்னால் வந்தது. சோப்பு நுரையோடு அந்தக் கை பல்பைத் திருகப் போகிறது.

“அண்ணன் செத்திருப்பாரு,” என்றார். “அய்யோ, நானே கொன்னிருப்பேனே! வேணும்னு செய்யல குருவே.”

“வேணும்னு செஞ்சியளான்னு நான் கேக்கலையே, அண்ணாச்சி.”

மாசானமுத்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து சுவிட்சுப் பலகையைக் கழற்றினார். ஜெபக்கனி ஒரு கை கொடுக்கவில்லை. டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள். ரெண்டு கம்பியையும் பிரித்து, மெயினைப் போட்டு டெஸ்டரால் எது எதுவென்று பார்த்து, திரும்ப மெயினை அணைத்து, வார கம்பியில் சுவிட்சை மாட்டினார். நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

முடித்ததும் மெயினைப் போட்டு விளக்குச் சுவிட்சைத் தட்டினார். ஹோல்டரில் வைத்த டெஸ்டர் எரிந்தது. சுவிட்சை அணைத்தார். டெஸ்டர் அணைந்தது. ஃபேனிலும் அப்படியே. பல்பை மாட்டினார்.

ஜெபக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை கூடவே போனார்.

“குருவே, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்கு அண்ணனக் குளிப்பாட்டப் போறது யாரு?”

“வேற யாரு? நாந்தான்.”

“முதுகு தேய்ச்சு விடுவியல்லா? அப்ப உங்க கையப் பாருங்க. அதுதான் டெஸ்டர்.”