மலைத் தீயைச் சுமந்த தெஸ்பீனா

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். பேரு தெஸ்பீனா. எங்க, சொல்லு பாப்போம். தெஸ்-பீ-னா. ஆங், அவ்ளோதான். ஊரு நம்ம பக்கத்து ஊரு இல்ல, கபிலா. கப்பல் ஏறி ரொம்ப ரொம்பத் தூரம் போனா மத்தியதரைக் கடல்னு ஒரு கடல் வரும். அதோட கரையில இருந்த ஊரு, பேரு பெலாரியா. தரை கல்லு, சுவரு கல்லு, உக்கார்ற பலகையும் கல்லு. அந்தக் காலத்துலயே அதைப் பழைய ஊருன்னு சொல்லுவாங்கன்னா பாத்துக்கோயேன்.

கடலோரமா கீழ் ஊரு, மலைச் சரிவுல மேல் ஊரு. தெஸ்பீனா கீழ் ஊர்க்காரி. அங்கயே பொறந்து, அங்கயே வளந்து, அங்கயே மனோலின்னு ஒரு மீன்காரனைக் கட்டிக்கிட்டவ. மேல் ஊர்ல அத்தாம் பெரிய தூணு இருக்கு, இத்தாம் பெரிய வளைவு இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு நாளாவது ஏறிப் பாத்திருப்பாளா? ஊஹூம். "எனக்கு அங்க என்ன வேலை?"ம்பா. சிரிக்காத, நீ மட்டும் நம்ம ஊரு கோட்டையப் பாத்திருக்கியா?

அந்த ஊர்ல ஒரு வழக்கம். துறைமுகத்து முனையில ஒசரமா ஒரு கலங்கரை விளக்கு. தினம் பொழுது சாயுறப்போ அதுல தீ ஏத்தணும். அந்தத் தீ எங்கேருந்து வரணும் தெரியுமா? மலை உச்சியில ஒரு அணையாத அடுப்பு இருக்கு, ஊரை உண்டாக்கின முன்னோர்கள் மூட்டினது. அந்த அடுப்புலேருந்துதான் வரணும். வண்டி கூடாது, கழுதை கூடாது. ஒரே ஆளு, மண்சட்டியில ஏந்திக்கிட்டு, முன்னோர்கள் கட்டின பழைய தெரு வழியா நடந்துதான் கொண்டு வரணும். நடுவுல அணைஞ்சா? மறுபடி மலை ஏறணும். வேற அடுப்புத் தீ எதையும் விளக்குல வெக்க மாட்டாங்க. அது பொய்த் தீயாம். தீயில என்னடா பொய்யும் மெய்யும்? ஆனா அவங்களுக்கு அப்படித்தான். "ம்" கொட்டு. சரி.

அப்போ ஒரு நாள், கீழ் ஊர் ஆம்பளைங்க எல்லாரும் படகெடுத்துக்கிட்டுப் போயிருந்தாங்க. மனோலியும் போயிருந்தான். திடீர்னு வானம் கறுத்துச்சு. காத்து "உய்ய்ய்"னு ஊளையிட்டுச்சு. பொம்பளைங்க எல்லாம் கரையில வந்து நின்னாங்க. துறைமுக வாசல்ல ரெண்டு பக்கமும் பாறை. விளக்கு எரிஞ்சாத்தான் எது வழி, எது பாறைன்னு படகுக்குத் தெரியும். இல்லேன்னா "மடார்"! படகு சுக்குநூறாப் போயிடும்.

தீ வர்ற நேரம் தாண்டிருச்சு. தீ தூக்குற கோஸ்மாஸ் கிழவரைக் காணோம்.

"வருவாரு, பொறு"ன்னாங்க எல்லாரும்.

"பொறுத்துக்கிட்டே இருந்தா என் புருஷன் பாறையிலதான் வந்து சேருவான். நான் போய்ப் பாக்குறேன்"னா தெஸ்பீனா. மதிலுக்கு வெளிய ஒரு ஆட்டுப் பாதை, செங்குத்தா. அதுல கையும் காலும் ஊனி, "ஹப்பா, ஹப்பா"ன்னு ஏறினா.

மேல போனா, கோஸ்மாஸ் கிழவர் அணையா அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. கால் சுளுக்கி, கணுக்கால் வீங்கிக் கெடக்கு. மடியில தீச்சட்டி.

"என்னால எந்திரிக்க முடியல, பொண்ணே. நீ எடுத்துட்டுப் போறியா?"

"குடுங்க தாத்தா."

"பழைய தெரு வழியாத்தான் போகணும். முதல்ல தூண் தெரு. அப்புறம் கல் மேடை. அப்புறம் தரைக்கு அடியில தண்ணித் தொட்டி. படியேறினா மீன் கடைவீதி. அங்கேருந்து விளக்கு தெரியும். உனக்கு வழி தெரியுமா?"

"தெரியாது. கால் இருக்கில்ல?"ன்னு சொல்லிட்டுச் சட்டியக் கையில வாங்கிட்டா.

அப்புறம் வந்துச்சு தூண் தெரு. தெஸ்பீனா அப்படியே வாயப் பொளந்துட்டா. தெருவோட ரெண்டு பக்கமும் வெள்ளைத் தூணு, வரிசையா, கண்ணுக்கு எட்டுற மட்டும். ஒவ்வொண்ணையும் ரெண்டு ஆளு சேந்து கட்டிப் பிடிச்சாலும் கைக்கு கை எட்டாது. கல் தரையில வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளமாவே ஆயிருக்கு. "அடேயப்பா, இது எங்க ஊருதானா?"ன்னு நெனச்சா. நெனச்ச மாத்திரத்துல கடல் காத்து கீழேருந்து நேரா மேல வந்து "பூஊஊ"ன்னு சட்டியில அடிச்சுது. தீ படுத்துக்கிச்சு. அய்யோ! சட்டுனு ஒரு தூணுக்குப் பின்னாடி ஒதுங்கினா. தூணு அம்புட்டு அகலமில்ல? காத்து ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு போச்சு, அவ மேல படல. தீ மெல்ல எந்திரிச்சுது.

அப்புறம் என்ன பண்ணினா? காத்து ஊதுறப்போ தூணுக்குப் பின்னாடி நிப்பா. காத்து மூச்சு வாங்குறப்போ குடுகுடுன்னு அடுத்த தூணுக்கு ஓடுவா. நிப்பா, ஓடுவா. நிப்பா, ஓடுவா. அப்படியே தெரு முழுக்கத் தாண்டிட்டா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போ வந்துச்சு கல் மேடை. மலையக் குடைஞ்சு அரை வட்டமாப் படி வெட்டியிருக்காங்க. படி மேல படி, படி மேல படி, மேல இருக்கிற ஆளு எறும்பு மாதிரி தெரியுறான். நடுவுல மேடை. அங்கதான் கூத்து நடக்கும், ஊர்க்கூட்டமும் நடக்கும். அன்னைக்குக் கூட்டம். மேல் ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்து, மதிலுக்கு எந்தச் சுண்ணாம்பு அடிக்கலாம்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. கடல்ல படகு கெடந்து தவிக்குது, இவங்களுக்குச் சுண்ணாம்பு.

சட்டியில கரி தீந்துக்கிட்டு வந்துச்சு. தெஸ்பீனா ஓரமா நின்னு, "ஐயா, கொஞ்சம் கரி குடுங்க! ஐயா!"ன்னு கத்தினா. ஒரு பய திரும்பல. இன்னும் கத்தினா. தொண்டை கட்டினதுதான் மிச்சம். அழுகை வந்துருச்சு. அப்படியே மேடைக்கு நடுவுல போயி, அங்க ஒரு வட்டக் கல்லு, அது மேல நின்னு, சட்டியப் பாத்துத் தனக்குத்தானே முணுமுணுத்தா. "அணைஞ்சிடாத. அவன் வீடு வந்து சேரணும்."

அவ்ளோதான். சுண்ணாம்புச் சண்டை நின்னு போச்சு. கடைசிப் படியில உக்காந்திருந்த பாட்டா கூட எந்திரிச்சு, "யாரும்மா வீடு வந்து சேரணும்?"னு கேட்டாரு. தெஸ்பீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த வட்டக் கல்லு மேல நின்னு மெல்லப் பேசினா, பேச்சு படி படியா ஏறி கடைசி ஆளு காது வரைக்கும் போகுது! அப்படிக் கட்டியிருக்கான் அந்தக் காலத்துக் கொத்தன். அவ அதே மெல்லிசான குரல்ல சொன்னா: "என் புருஷன் படகு இன்னும் வரல. யாரு படகும் வரல. தீ அணையப் போகுது. கரி வேணும்."

அப்புறம் பாக்கணுமே. குளிர் காயறதுக்குன்னு கூடையில வெச்சிருந்த புதுக் கரிய ஒருத்தர் கொட்டினாரு, இன்னொருத்தர் எண்ணெய் விட்டாரு. தீ "குப்"புன்னு பிடிச்சுது. அவ நன்றி சொல்லக்கூட நிக்கல. தட தடன்னு எறங்கினா.

இப்போ மூணாவது. தரைக்கு அடியில தண்ணித் தொட்டி. தொட்டின்னா நம்ம வீட்டுத் தொட்டி இல்லடா. ஊருக்கே குடிக்கத் தண்ணி சேத்து வெக்கிற தொட்டி. படி எறங்கி உள்ள போனா கும்மிருட்டு. தீ வெளிச்சத்துல பாத்தா, கருந்தண்ணிக்குள்ள தூணு தூணா நிக்குது, மேல வளைவு வளைவாப் போகுது, கோயில் மண்டபம் மொத்தத்தையும் தண்ணியில எறக்கி வெச்ச மாதிரி. ஓரமா நடக்க ஒரு கல் வரப்பு. "சொட்டு... சொட்டு... சொட்டு..." அவ ஒரு அடி வெச்சா பத்து பேரு நடக்குற மாதிரி எதிரொலி. பயமா இருந்துச்சா? இருந்துச்சு. நின்னாளா? நிக்கல. சட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடந்தா.

அதுக்குள்ள வெளிய மழை பிடிச்சிருச்சு. அந்தத் தொட்டிக்கு மேல தண்ணி மொள்ளுறதுக்கு ஓட்டை விட்டிருப்பாங்க. பாதி தூரம் போயிருக்கா, ஒரு ஓட்டை வழியா மழைத்தண்ணி "சளார்"னு சட்டியிலயே கொட்டிச்சு. "புஸ்ஸ்ஸ்..."

தீ போச்சு.

இருட்டுல அப்படியே உக்காந்துட்டா. ஓ-ன்னு அழுதா. மறுபடி மலை ஏறி, மறுபடி எறங்குறதுக்குள்ள பொழுது போயிடும், படகும் போயிடும். அழுது முடிச்சா, மூக்கத் தொடைச்சா, சட்டியில நின்ன தண்ணியக் கவுத்தா. சுவரைத் தடவித் தடவி நடந்து, கடைசிப் படியேறி மீன் கடைவீதிக்கு வந்துட்டா.

அங்க ஒரே ஒரு கடைதான் தெறந்திருக்கு. கலியோப்பி அக்கா மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கா, "சொய்ய்ய்ய்"னு. வாங்க ஆளே இல்ல. அவ ரெண்டு பசங்களும் படகுலதான் போயிருக்காங்க. கை சும்மா இருந்தா நெஞ்சு படபடக்குதுன்னு பொரிச்சுக்கிட்டே இருக்கா, பாவம்.

"அக்கா, கொஞ்சம் தீ குடு."

"இது மீனடுப்புத் தீடி. விளக்குக்காரர் விடுவாரா?"

"விட வெக்கிறேன். நீ குடு."

கலியோப்பி அடுப்புலேருந்து கணகணன்னு தணலா அள்ளிச் சட்டி நெறையப் போட்டா. தெஸ்பீனா மேல்துணியால மூடிக்கிட்டு ஓடினா, ஓடினா, விளக்கோட வாசலுக்கே வந்துட்டா.

வாசல்ல ஆந்தீமோஸ் பெரியவர். விளக்கோட சாவி அவரு இடுப்புலதான். வழக்கம்னா வழக்கம், ஒரு நூல் இப்படி அப்படிப் போக மாட்டாரு. தீ கொண்டு வர்றவங்களை மூணு தடவை கேக்கணும், மூணு தடவையும் "மலை அடுப்புத் தீ"ன்னு பதில் வரணும். அப்பத்தான் கதவு தெறக்கும்.

அவரு கேட்டாரு: "எந்த அடுப்புத் தீ?"

"மீன் பொரிக்கிற அடுப்புத் தீ"ன்னா.

பின்னாடி நின்ன பொம்பளைங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஏண்டி, மலைத் தீன்னு சொல்லிட்டுப் போயேன்!"

பெரியவர் முகம் வெளுத்துருச்சு. அவரு மகனும் கடல்லதான் இருக்கான், கபிலா. மெல்லக் குனிஞ்சு, கெஞ்சுற மாதிரி ரெண்டாவது தடவை கேட்டாரு: "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எந்த அடுப்புத் தீ?"

ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னாப் போதும், கதவு தெறந்துடும். அவருக்கே அதுதான் வேணும். தெஸ்பீனா என்ன சொன்னா?

"மீனடுப்புத் தீதான் பெரியவரே. நான் பொய் சொன்னா இன்னைக்குக் கதவு தெறக்கும். நாளைக்கு இன்னொருத்தி இதே மழையில மலை ஏறணும். அவ தீயும் அணையும். அவளும் பொய் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

கடல்ல எங்கேயோ ஒரு சங்கு ஊதுற சத்தம். "பூம்ம்ம்..." படகு வந்துருச்சு. துறைமுக வாசல் தெரியல, வழி கேக்குது.

பெரியவர் மூணாவது தடவை கேக்கணும். வாயத் தெறந்தாரு. கேள்வி வரல. கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. "என்னால கேக்க முடியலம்மா"ன்னாரு. இருட்டுல சாவி பூட்டுல நுழையல. தெஸ்பீனா சட்டியத் தூக்கி வெளிச்சம் காட்டினா. "க்ளிக்." கதவு தெறந்துச்சு.

அப்புறம் சுத்திச் சுத்திப் போற படி. ஏறு, ஏறு, ஏறு. உச்சியில எண்ணெய் ஊறின விறகு. தணலைக் கொட்டினா. "பக்!" வெளிச்சம் கடல் மேல பாஞ்சுது. பாறை இந்தப் பக்கம், பாறை அந்தப் பக்கம், நடுவுல வழி, பளிச்சுனு. ஒரு படகு வந்துச்சு. இன்னொண்ணு. பெரியவர் மகன் வந்தான், கலியோப்பி பசங்க வந்தாங்க. எல்லாருக்கும் கடைசியா மனோலி, சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு. தெஸ்பீனா அவனைக் கட்டிக்கிட்டு அடி அடின்னு அடிச்சா, அப்புறம் அழுதா. சந்தோஷம்டா, அழத்தான் செய்வாங்க.

மறுநாள் சாயங்காலம் வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. மழையில்ல, காத்தில்ல. மலை ஏற எந்தத் தடையும் இல்ல. கலியோப்பி கடையில கூட்டம் நெரியுது, மீன் வாங்க. வரிசையில கடைசியா யாரு நின்னா தெரியுமா? ஆந்தீமோஸ் பெரியவர். கையில மண்சட்டி. யாரோ வழி விட்டதுக்கு, "வேணாம், வரிசையிலயே வரேன்"னுட்டாரு. தன் முறை வந்ததும் சட்டிய நீட்டினாரு.

"மீன் எத்தனை வேணும் பெரியவரே?"ன்னு கலியோப்பி கேட்டா.

"மீன் வேணாம் தாயி. விளக்குக்குக் கொஞ்சம் தீ குடு."

படகு கரை சேந்தாச்சு, கதையும் கரை சேந்தாச்சு. கண்ண மூடு, கபிலா. தூங்கு.