குரங்கு விட்ட கடைசி வரிசை

மலை உச்சிக் காட்டில் பனிக்காலம் வந்தால் புலிக்கும் பல் கிடுகிடுக்கும். அதனால் அங்கிருந்த சின்ன விலங்குகள் எல்லாம் ஒரு குகையில் சேர்ந்து, ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொள்ளும். முயலும் காட்டுப்பூனையும்கூட ஒரே கம்பளிதான். பனி முடியும்வரை யாரும் யாரையும் தின்பதில்லை என்று பேச்சு.

வெயில் வந்ததும் எலிகள் அந்தக் கம்பளியைப் பிய்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே வருஷா வருஷம் புதிதாக நெய்தாக வேண்டும்.

செம்மறிகள் மேய்ந்துபோன வழியில் புதர்களில் ரோமம் சிக்கியிருக்கும். அதைப் பொறுக்கித் திரித்தால் நூல். தறிக்கு முள்ளம்பன்றியின் உதிர்ந்த முட்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரச் சட்டம். நான்கு ஓரத்திலும் வரிசையாக முள் நட்டிருக்கும். மடியில் வைத்துக்கொண்டே நெய்யலாம்.

முதலில் முள்ளுக்கு முள் நூலை மாட்டி மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். பிறகு மூங்கில் ஊசியில் நூலைக் கோத்து, ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று குறுக்கே ஓட்ட வேண்டும். ஆரம்பம் சுலபம். போகப் போக இழைகள் இறுகிவிடும். கடைசி வரிசையில் ஊசி நுழையவே நுழையாது, கைதான் நோகும். அதையும் முடித்து முள்ளிலிருந்து கழற்றினால் ஒரு சதுரம். அப்படிப் பல சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் கம்பளி.

அதிகச் சதுரம் நெய்தவருக்குக் கம்பளியின் நடு இடம். அங்கேதான் கதகதப்பு அதிகம். இது அங்கே வெகுநாள் வழக்கம்.

அந்த வருஷம் முயலின் குட்டிக்கு மோசமான இருமல். ராத்திரி முழுக்க லொக்கு லொக்கு என்று இருமியது. தறி செய்து கொடுக்கும் முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தத் தடவை நடு இடத்தைக் குட்டிக்கே கொடுத்துடுவோமே! குளிர் பட்டா அது தாங்காது" என்றது.

கருங்குரங்கு எழுந்து நின்றது. "அதெப்படி? வழக்கம்னா வழக்கம்தான்! இருமினா நடு இடம்னு சொன்னா, நாளைக்கு எல்லாருமே இருமுவாங்க!"

காட்டுப்பூனை சிரித்தது. "உனக்குத்தான் விரல் இருக்கு. எங்களுக்கு வெறும் பாதம். போட்டி போட்டா நீதானே ஜெயிப்பே?"

"அதுக்கு நான் என்ன பண்ண?" என்று குரங்கு தன் விரல்களை விரித்து அழகு பார்த்தது.

முயல் வாதம் செய்யவில்லை. "சரி குரங்கண்ணே, நானே அதிகமா நெய்து எங்குட்டிக்கு அந்த இடத்தை வாங்கிக்கிறேன்" என்று ஒரு தறியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது.

பாவம், முயலுக்கு ஊசி பிடிக்கவே வராது. பல்லில் கடித்து இழுத்தது. ஒரு கண் தறியில், ஒரு கண் குட்டியிடம். ஒவ்வொரு கடைசி வரிசையிலும் அதன் பாதம் கீறி ரத்தம் வந்தது. ஒருமுறை ஊசி பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் குட்டி இருமுகிறது. இதை இப்படியே விட்டுவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போனால் என்ன என்று முயலுக்கு நிஜமாகவே தோன்றியது. 'ஐயோ, எங்குட்டி போர்த்திக்கப்போற கம்பளியாச்சே!' என்று அதுவே தன்னைத் திட்டிக்கொண்டது. ஊசியை ஈரம் பண்ணி, மறுபடி நுழைத்து, அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தது.

குரங்கோ மரக்கிளையில் உட்கார்ந்து நெய்தது. விரல் இருந்ததால் வேகமாகவே ஓடியது. ஆனால் கடைசி வரிசை அதையும் வாட்டியது. விரல் நுனியில் ஊசி குத்தியதும் அதற்குக் கோபம் வந்தது.

'ஒரே ஒரு வரிசை! அது இல்லைன்னா யாருக்குத் தெரியப்போகுது?'

கடைசி வரிசையை நெய்யாமல், நூலின் நுனியை ஓரத்தில் சொருகிச் சதுரத்தைக் கழற்றியது. தூக்கிப் பிடித்துப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது! அதற்குப் பிறகு ஒரு சதுரத்திலும் அது கடைசி வரிசையை நெய்யவில்லை. முயல் ஒன்று முடிப்பதற்குள் குரங்கு மூன்று முடித்தது.

மூடுபனி இறங்கிய அன்று எல்லாரும் சதுரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். குரங்கின் குவியல்தான் பெரிது. முயல் தன் சின்னக் குவியலைப் பார்த்தது. பிறகு குட்டியைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டது. முள்ளம்பன்றி ஏதோ சொல்ல வந்தது. ஆனாலும் வழக்கத்தை எப்படி மாற்றுவது?

குரங்குக்கு அதுவும் போதவில்லை. "நடுவில படுக்கறது நான். அதனால நடுவில என் சதுரம்தான் இருக்கணும்! உங்க கோணல் மாணல் எல்லாம் ஓரத்துக்குப் போகட்டும். என் பங்கை நானே தைச்சுக்கறேன், யாரும் தொட வேண்டாம்!"

அப்படியே தைத்தார்கள். நடுவில் குரங்கின் சதுரங்கள். சுற்றிலும் மற்றவர்களுடையவை. குகை வாசல் பக்கத்துக் கடைசி ஓரத்தில் முயலின் சதுரங்கள். அதன் கீழே குட்டியை அணைத்தபடி முயல்.

வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே எல்லாரும் கம்பளியை அவரவர் பக்கம் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். நாலு பக்கமும் இழுபட்டதில், சொருகி வைத்திருந்த நுனி ஒன்று நழுவியது. குரங்கு சொகுசாகக் காலை நீட்டியது. கால் விரல் நூலில் மாட்டிக்கொண்டது. உதறியது.

சரசரவென்று அந்தச் சதுரம் அவிழ்ந்தது. அது அவிழ்ந்ததும் பக்கத்துச் சதுரம் தளர்ந்தது. அதை இழுத்துப் பிடிக்கப் போனால் அடுத்தது! சற்று நேரத்தில் நடுவில் கம்பளியே இல்லை. கழுத்திலும் வாலிலும் நூல் சுற்றிய குரங்குதான் இருந்தது. மேலே பாறையிலிருந்து பனிநீர் ஒரு சொட்டு நேராக அதன் வயிற்றில் விழுந்தது.

"ஐயோ!" என்று குரங்கு துள்ளியது.

காட்டுப்பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "என்ன குரங்கண்ணே, நடுவில ரொம்பப் புழுக்கமா இருக்கா?"

குரங்கு சுற்றிலும் பார்த்தது. ஓரத்தில் ஒரு சதுரமும் அசையவில்லை. கீரி தூங்கியது. மலை அணில் தூங்கியது. வாசல் காற்று வீசிய அந்த ஓரத்திலும் முயல்குட்டி இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தது. முயலின் சதுரங்கள் கோணல்தான். ஆனால் ஓர் இழைகூட விலகவில்லை.

"முயலக்கா, கொஞ்சம் தள்ளிப் படேன்..." என்று குரங்கு மெல்லக் கெஞ்சியது.

"தள்ளிப் படுத்தா குட்டி வெளியே போயிடும் அண்ணே" என்றது முயல். அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் குரங்குக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

முள்ளம்பன்றி அவிழ்ந்த நூலின் நுனியைப் பிடித்துப் பார்த்தது. அதற்குப் புரிந்துவிட்டது.

"நீ விட்ட வரிசை எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு கை அகலம்கூட வராதேடா. அதுக்காகவா இவ்வளவும் போச்சு?"

குரங்கு வாயைத் திறந்தது. தும்மல்தான் வந்தது.

"சரி, வா. ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்கு" என்று முள்ளம்பன்றி நகர்ந்து தன் பக்கத்தைக் காட்டியது. அங்கே ஏன் எப்போதும் யாரும் படுப்பதில்லை என்பது குரங்குக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் குளிருக்குப் பயந்து போய்ப் படுத்தது. புரண்டால் குத்தியது. புரளாவிட்டால் மரத்துப்போனது. விடியும்வரை அது கண்ணை மூடவில்லை.

வெளிச்சம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து, நூலையெல்லாம் சுருட்டி, தறியை மடியில் வைத்துக்கொண்டது. அன்று அது நெய்தது ஒரே ஒரு சதுரம். கடைசி வரிசை உட்பட!

முடிக்கிற இடத்தில் ஏமாற்றுகிறவன், தொடங்கியதிலிருந்து செய்த நல்ல வேலையையும் சேர்த்தே இழக்கிறான்.