மிஷின் வச்ச பொட்டு

ஒரு ஊர்ல ஒரு நாத்தனார்க்காரி இருந்தாளாம். காலை நீட்டாத பூரணி, போர்வைய இழுத்து விட்டுக்கோ. நாத்தனார்னா யாரு? புருஷன்கூடப் பொறந்தவ. இவ வாயத் தொறந்தா ஏழு வீட்டுக்குக் கேக்குமாம்.

"அவ பேரு என்ன ஆச்சி?"

"பேரு எதுக்கு உனக்கு? ரேஷன் கார்டா எடுக்கப்போற? ம் கொட்டு."

"ம்."

அவளோட அண்ணன் பொண்டாட்டி கோமு, இவளுக்கு மைனி. அண்ணன் செத்துப்போனான். அப்புறம் கோமு எங்க போவா? நாத்தனார் வீட்டுக்கே வந்துட்டா. அடுப்படிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூமு, அரிசி மூட்டையும் கோமுவும் அதுல படுத்துக்குவாங்க. வந்த அன்னைக்கே இந்தப் புண்ணியவதி சொல்லிட்டா, "மைனி, இனிமே நெத்தில பொட்டு வேண்டாம், நாலு பேரு பேசுவாங்க." பேச வந்த நாலு பேரும் இவளேதான், அது வேற விஷயம். கோமு அழிச்சுட்டா. மூணு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு.

அப்போ அந்த வீட்ல ஒரு மிஷின் இருந்துச்சு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல. பிரிண்டரும் அதான், ஸ்கேனரும் அதான். நாத்தனாரோட புருஷன் தள்ளுபடில வாங்கினது. ஒரு நாளாவது ஓடுச்சா? ம்ஹூம். துண்டு போட்டு மூடியே கெடந்துச்சு. ஆயுத பூசைக்கு மட்டும் துண்ட எடுத்து, பொட்டு வச்சு, சூடம் காட்டி, மறுபடி மூடிருவாங்க. வேலையே செய்யாம வருஷா வருஷம் மரியாத வாங்கினது அந்த வீட்ல அது ஒண்ணுதான். இல்ல, அந்தப் புருஷனும் இருந்தான். ரெண்டு.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்புறம் ஒரு நாள் கோமுவுக்கு ஒரு தபால், கம்ப்யூட்டர்லதான் வந்துச்சு. பக்கத்து டவுன்ல ஒரு பொம்பளப்புள்ளைங்க காலேஜு, அங்க விடுதியப் பாத்துக்குற வேலை. விண்ணப்பத்த அச்செடுத்து, எழுதி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாம். செல்போன்ல புடிச்ச படம் செல்லாதாம். ஊர்லயோ அன்னைக்குக் கடையடைப்பு, ஒரு ஜெராக்ஸ் கடை கூட இல்ல. வேலை கெடைச்சா கோமுவுக்குத் தனி ரூமு. அதுக்குத் தனிச் சாவி. அந்தச் சாவியத்தான் கோமு நெனச்சுக்கிட்டே இருந்தா.

கல்யாணத்துக்கு முன்னாடி டைப்படிக்கப் படிச்சவளாச்சே, "நான் பாத்துக்குறேன்"னு மிஷின் மேல இருந்த துண்ட உருவுனா. நாத்தனாருக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. இது எங்க ஓடப்போகுது? கோமு போயிட்டா தோசைக்கு யாரு மாவாட்டுறது?

கோமு ஸ்விட்ச தட்டுனா. கர்ர்ர்... டொக்கு டொக்குன்னு மிஷின் முழிச்சுது. ஆனா கம்ப்யூட்டர் அதத் திரும்பிக்கூடப் பாக்கல. ரெண்டையும் சேக்குற வயரக் காணோம். கோமு அலமாரி, பெட்டி, கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடுறா. நாத்தனாருக்குத் தெரியும் அது எங்க இருக்குன்னு. பின்கட்டுல கொடியாக் கட்டி, தன் புருஷனோட பனியனக் காயப்போட்டிருந்தா. சொல்லவா, வேண்டாமான்னு நின்னா பாரு, படுபாவி! கோமு வேர்த்து ஊத்தி நிக்கிறதப் பாத்ததும் மனசு கேக்கல. போயி பனியன உருவிப் போட்டுட்டு வயரக் கொண்டாந்து நீட்டுனா.

"ஏட்டி, கொடியா கட்டுன?"

"நல்லா கெட்டியா இருந்துச்சு மைனி."

அப்புறம் வயரச் சொருகுனா, கம்ப்யூட்டர் டிங்குன்னுச்சு. இது என்ன மிஷின்னு எனக்குத் தெரியாது, இது கூட வந்த சிடியப் போடுன்னு கேட்டுச்சு. சிடி எங்க? நாத்தனார் மெதுவா மாடியக் கை காட்டுனா. வத்தல் காயப்போட்ட எடத்துல, காக்கா வெரட்ட நூல்ல கட்டித் தொங்குது! சரக்கு சரக்குன்னு ஆடிக்கிட்டு. அதுக்குப் பயப்படாத ஏதோ ஒரு காக்கா அது மேலயே எச்சமும் போட்டிருக்கு. கோமு சேல முந்தானைல தொடச்சுப் போட்டா, துப்பிருச்சு. மறுபடி தொடச்சுப் போட்டா, மறுபடி துப்பிருச்சு. மூணாவது தடவ "விர்ர்ர்"னு உள்ள இழுத்துக்கிச்சு.

"ம்."

மை டப்பா பிரிக்காம அட்டப்பெட்டிலயே கெடந்துச்சு, அத மாட்டுனா. காயிதத்த வச்சா. மணி நாலு. பிரிண்ட் குடுத்தா... கறுக்! மொறுக்! காயிதம் பாதில நின்னுபோச்சு. மூடியத் தொறந்து உலுக்குனா, பொலபொலன்னு கொட்டுது. என்ன கொட்டுது சொல்லு?

"மையி?"

பொரி! பொரியும் கடலையும். ஆயுத பூசைக்கு மிஷினுக்கு ஊட்டி விட்டிருக்கா மகராசி. ரெண்டு பேரும் தரையில உக்காந்து, கோமுவோட ஹேர்பின்ன வச்சு ஒவ்வொண்ணா நோண்டி நோண்டி எடுத்தாங்க. அப்போதான் நாத்தனார் கோமுவோட கையப் பாத்தா. நகம் ஒடைஞ்சும் விடாம நோண்டுது. ஒரு ரூமுக்காக இவ்ளோ பாடுபடுறாளேன்னு இவளுக்கு நெஞ்சுக்குள்ள சுருக்குன்னுச்சு. இத்தன நாள் அரிசி மூட்டையோட படுக்க வச்சோமே, ஒரு நாளு கேட்டோமா, எப்படி மைனி தூங்குறீங்கன்னு?

"அவ நெனச்சது உனக்கு எப்படி ஆச்சி தெரியும்?"

"கதைன்னா தெரியும். குறுக்கப் பேசாத."

அப்புறம் காயிதம் சர்ர்ருன்னு வந்துச்சு. எழுதியாச்சு, போட்டோ ஒட்டியாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. மணி அஞ்சாக அஞ்சு நிமிசம். மூடியத் தொறந்து, காயிதத்தக் கவுத்துப் போட்டு, ஸ்ஸ்ஸூம்ம்னு ஒரு வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போச்சு. வந்தத அப்படியே அனுப்பிட்டா. போயிருச்சு! கோமு சுவத்துல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டா.

நாத்தனார் எட்டி கம்ப்யூட்டரப் பாத்தா. பக்குன்னுச்சு. போட்டோல கோமுவுக்கு நெத்தில பொட்டு! நல்லா செவப்பா, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல. எப்படி வந்துச்சு? போன ஆயுத பூசைக்கு இவதான, உள்ள இருக்குற கண்ணாடிதான் மிஷினுக்கு மொகம்னு நெனச்சு, எண்ணெயில கொழைச்ச குங்குமத்த அது மேல வச்சா! நடுவுல வைக்கணும்னுதான் பாத்தா. மூக்குக்கண்ணாடி போடல, மூலைக்குப் போயிருச்சு, காயிதத்துல போட்டோ ஒட்டுனதும் அதே மூலைலதான்.

கோமுவும் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "அனுப்பியாச்சு ஆவுடை, இனி என்ன செய்ய"ன்னா.

ஐயோ.

"ஆவுடையா? ஆச்சி, அது உன் பேரு!"

"ஊர்ல ஆயிரம் ஆவுடை. கண்ண மூடு. பாதிக் கதை கெடக்கு."

"ம்ம்."

வேலை கெடைச்சுருச்சு. ஒரு பொட்டி, ஒரு தலகாணி, அவ்ளோதான் சாமான். நாத்தனாரும் கூடப் போனா, பஸ்ல ஒரு மணி நேரம். ஆபீஸ்ல கோமுவுக்கு சாவி குடுத்தாங்க, கழுத்துல மாட்ட அட்டையும் குடுத்தாங்க. அட்டைல அதே போட்டோ. விடுதி கேட்டுல ஒரு வாட்ச்மேன், மீசைய முறுக்கிக்கிட்டு அட்டையப் பாக்குறான், ஆளப் பாக்குறான்.

"இதுல பொட்டு இருக்கு. நேர்ல இல்ல. நீங்க யாரும்மா?"

"நான்தான்யா அது. பொட்டு மிஷின் வச்சது."

"மிஷின் எப்படிம்மா பொட்டு வைக்கும்? போட்டோல இருக்குற மாதிரி வாங்க, உள்ள விடுறேன்."

கோமு சாவிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. கண்ணு கலங்கிருச்சு. நாத்தனார் சட்டுன்னு தன் நெத்தில இருந்த ஒட்டுப் பொட்டப் பிச்சு எடுத்தா.

"குனிங்க மைனி."

"ஏட்டி, உன் நெத்தி?"

"எனக்கு வீட்ல ஒரு பொட்டு அட்டையே கெடக்கு. குனிங்கன்னா."

ஒட்டி விட்டா. நல்லா அமுக்கி ஒட்டி விட்டா. கோமு உள்ள போனா.

இவ திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னா. பூக்காரி ஒவ்வொருத்திகிட்டயா வந்து, "பூ வாங்கிக்கோ தாயி"ங்கிறா. இவகிட்ட வந்தா, நெத்தியப் பாத்தா, கூடைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. பஸ்ல ஒரு பொண்ணு "பாவம், உக்காருங்க"ன்னு எடம் குடுத்தா. பூரணி, இவ உக்காந்து வழி நெடுக அழுதா. ஒரு மணி நேரம் இவளால தாங்க முடியல. கோமு மூணு வருஷம் தாங்குனா, அதுவும் இவ சொல்லித்தான்.

வீட்டுக்கு வந்து கதவத் தட்டுனா. டொக் டொக். புருஷன் தொறந்தான். இவ நெத்தியப் பாத்தான். அலறுனான் பாரு!

"அடியே! நான் இன்னும் உசுரோடதான்டி இருக்கேன்!"

"சத்தம் போடாதீங்க. மைனிக்குக் குடுத்துட்டு வந்தேன்."

"தாத்தாவா ஆச்சி கத்துனாங்க?"

"தாத்தாதான். வேற யாரு அப்படிக் கத்துவா."

"அப்போ விடுதி ஆச்சி பொங்கலுக்கு வரும்போது இவ்ளோ பெரிய பொட்டு வச்சிருப்பாங்களே, அது?"

"முதல்ல வச்சது மிஷின். அப்புறம் நான். இப்போ அவளே வச்சுக்குறா, யாரையும் கேக்குறது இல்ல."

"ம்..."

பனியன் பழையபடி கொடிக்குப் போச்சு, மிஷின் துண்டுக்குள்ள போச்சு, கோமு அவ ரூமுக்குப் போனா. நீ தூக்கத்துக்குப் போ.