ஆம் என்ற பொத்தான்

பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு அந்த மாடியில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஈரோட்டில், பெருந்துறை சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த மாடி அது. ரைஸ் மில்லுக்கும் மருந்துக் கடைக்கும் ரத்தம் சோதிக்கிற லேபுக்கும் அங்கே மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். மேசைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடுகிற சின்னச் சின்ன மென்பொருள்கள்.

எழுதுகிறவர்களுக்குத் தலைவி மீனலோசனி. முதலில் கேலியாகத்தான் அவரைக் குரு என்று அழைத்தார்கள். அந்தக் கேலி எப்போது கழன்று விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

சீடர் உமாபதி அவரைவிட மூத்தவர். நூல் மில் மூடியபோது வேலை போய், காலம் கடந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்தவர். எதற்கும் "சரிங்க" என்று சொல்கிற மனிதர். அந்த ஊரில் அது மரியாதை.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. பிரச்சினை ஒன்று வந்தால் அதில் எழுத வேண்டும். தீர்ந்த பிறகு அதை அழிக்கிற உரிமை தீர்த்தவருக்குக் கிடையாது. யாருக்கு அந்தத் தொல்லை வந்ததோ அவர் மாடியேறி வந்து, உட்கார்ந்து, தன் கையால் வேலை செய்து பார்த்து, தானே அழிக்க வேண்டும்.

பில்லில் எழுத்து தெரியவில்லை என்று புகார் சொன்ன மருந்துக் கடைக்காரர் மூட்டு வலியோடு படியேறி வந்தார். வந்தவர் பலகையைத் துடைத்துவிட்டு, "இதுக்கு நான் பழைய எழுத்தையே பாத்துட்டு இருந்திருப்பேன்" என்றார். குரு சிரித்தார். வழக்கத்தை மாற்றவில்லை.

ஒரு நாள் காலையில் உமாபதி வந்து பையை வைப்பதற்கு முன்பே கேட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேக்குது. அதைப் படிச்சுப் பாத்துட்டு ஆளுங்க பதில் சொல்லணும். அதுக்கு என்ன வழிங்க?"

"யாரு படிக்கல?"

"தங்கமுத்து லேபுல வேலை செய்யற வசந்தாமணிங்க."

"என்ன ஆச்சு?"

உமாபதி சொன்னார். சர்க்கரை பார்க்க இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய அளவு இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டது. அனுப்புவதற்கு முன்னால், 'பெயரும் எண்ணும் சரிபார்த்தீர்களா?' என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். வசந்தாமணி ஆம் என்று தட்டிவிட்டார். சர்க்கரையே இல்லாத பெரியவருக்கு எகிறிப்போன அளவு போய்ச் சேர்ந்தது. டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டவர் மயங்கிக் குளியலறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் கேட்டும் வசந்தாமணி இப்படிப் பண்ணியிருக்குதுங்க" என்றார் உமாபதி. எழுந்து போய்ப் பலகையில் எழுதினார்.

வசந்தாமணி: படிக்காமல் ஆம் அழுத்துகிறார்.

குரு அதைப் படித்தார். "அந்த மாதிரிப் பெட்டி அதுல எத்தனை இருக்கு?"

"சேமிக்கும்போது ஒண்ணுங்க. அச்செடுக்கும்போது ஒண்ணு. அனுப்பும்போது, மூடும்போது. தங்கமுத்து ஒவ்வொரு தடவை குறை சொன்னப்பவும் ஒண்ணு சேத்திருக்கேன்."

"ஆம், இல்லைங்கறதுல எது முதல்லயே தேர்வாகி நிக்கும்?"

"ஆம்ங்க. எண்டர் தட்டினாப் போதும். வேலை சீக்கிரம் நடக்கட்டும்னு வெச்சேன்."

குரு பலகையில் இருந்த வரியை இன்னொரு முறை பார்த்தார்.

"எழுத்தைச் சிவப்பாக்கிடறேனுங்க" என்றார் உமாபதி. "கூடவே மணி அடிக்கற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பொத்தான் திறக்கும். அப்பப் படிச்சுத்தானே ஆகணும்?"

"செஞ்சு பாருங்க."

உமாபதி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வேலையில் இறங்கிவிட்டால் அவர் முதுகு வளைந்துவிடும். திரைக்கு வெளியே உலகம் இல்லை.

குரு தன் இடத்திலிருந்தே கேட்டார். "சார், ஜன்னலைச் சாத்திடட்டுங்களா? ரப்பர் நாத்தம் தாங்கல."

"சரிங்க."

சற்றுப் பொறுத்து, "மத்தியானத்துக்கு உங்களுக்கும் தக்காளி சாதமே சொல்லிடறேன்."

"சரிங்க."

"அந்தப் பழைய பிரிண்டரை எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்."

"சரிங்க மேடம்."

"ஃபேனைக் கொஞ்சம் குறைக்கறேன், சார்."

"சரிங்க."

"வசந்தாமணிய வேலையை விட்டு நிறுத்திருங்கன்னு நீங்களே சொன்னதா தங்கமுத்துக்கு போன் பண்ணிடறேன், சார்."

"சரிங்க மேடம்."

குரு எழுந்து வந்து உமாபதியின் மேசை அருகே நின்றார். நிழல் விழுந்ததும் உமாபதி நிமிர்ந்தார்.

"என்னங்க?"

"நான் கடைசியா என்ன கேட்டேன்?"

"ஃபேனுங்க. குறைக்கறதுக்குக் கேட்டீங்க."

குரு தான் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் திரும்பச் சொன்னார். உமாபதியின் காது சிவந்தது.

"விளையாடாதீங்க மேடம். அதுக்குப் போய் நான் சரின்னு சொல்லுவனா?"

"சொன்னீங்க."

"காதுல விழுகலீங்க. வேலையில இருந்தேன்."

"தெளிவாத்தான் கேட்டேன். என்ன பண்ணட்டும்? சிவப்புச் சேலை கட்டிட்டு வந்து கேக்கட்டுமா? மணி அடிச்சுட்டுக் கேக்கட்டுமா?"

உமாபதி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அதுவரை எழுதியதை அழித்தார்.

"அப்ப என்னதாங்க பண்றது?"

"கேக்கறதை விட்டுடுங்க. தப்பு நடந்தாத் திரும்ப எடுக்க வழி வைங்க."

"கேக்காம விட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பழி நம்ம மேல வந்துருமேங்க?"

"வரும்."

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று உமாபதி காத்திருந்தார். வரவில்லை.

மதியம் உமாபதி தக்காளி சாதத்தைப் பாதியில் மூடி வைத்தார்.

"மேடம், இன்னைக்குச் சாயங்காலம் லேபுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் பெரியவரோட மகன் வர்றாராம். கம்ப்யூட்டர் கேட்டுது, வசந்தாமணிதான் தப்பா அழுத்துச்சுன்னு நான் அவர்கிட்டச் சொல்லணுமாம். சொன்னா வசந்தாமணிக்கு வேலை போயிரும். அதுக்கு வேற வருமானம் இல்லீங்க. புருஷன் இல்லை."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"அதைத்தாங்க உங்ககிட்டக் கேக்கறேன்."

"அந்தப் பொத்தானை யாரு வெச்சது, எப்படி வெச்சதுன்னு சொல்லுங்க."

"நம்ம பேரு கெட்டுரும். அவங்க வேற ஆள்கிட்டப் போயிருவாங்க."

"அது என் கவலை."

"நீங்களும் வந்தா நல்லா இருக்கும் மேடம்."

"நான் வந்தா நான் சொல்லிருவேன்" என்றார் குரு.

உமாபதி தனியாகப் போனார். பஸ்ஸில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார். 'அந்தப் பெட்டிய வெச்சது நான். ஆம்ங்கறதை முன்னாலயே தேர்வு பண்ணி வெச்சதும் நான். நாள் முழுக்க அதையே தட்டற கை யாரோடதா இருந்தாலும் தட்டியிருக்கும்.' திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நல்ல வாக்கியம். ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை.

லேபின் பின்னறையில் தங்கமுத்து நாற்காலியில் இருந்தார். பெரியவரின் மகன் உட்காரவில்லை. லாரி வைத்திருப்பவர், குரல் அறையைவிடப் பெரியது. வசந்தாமணி ஃபிரிட்ஜ் ஓரமாகச் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறாரு" என்றார் லாரிக்காரர். "தப்பு பண்ணுனது யாருன்னு எனக்குப் பேரு வேணும். பேரு கெடைக்கலைன்னா லேபையே இழுத்து மூடிட்டுத்தான் போவேன்."

"இதோ வந்துட்டாரு பாருங்க. புரோகிராம் எழுதுனவரே இவருதான்" என்றார் தங்கமுத்து. "நல்ல மனுசன். பொய் பேச மாட்டாரு. சொல்லுங்க உமாபதி, கம்ப்யூட்டர் கேட்டுதா, கேக்கலையா?"

"கேட்டுதுங்க. ஆனா அந்தப் பெட்டி வந்துங்க..."

"பெட்டி கெடக்கட்டும். கேட்டுதா, இல்லையா?" என்றார் தங்கமுத்து.

"கேட்டுதுங்க."

"ஆம்னு அழுத்தினது உங்க ஆளா, எங்க ஆளா?"

"அழுத்தினது இவங்கதாங்க. அது எதனாலன்னா..."

"எதனாலன்னு அண்ணன் உங்களைக் கேட்டாரா?" என்றார் தங்கமுத்து, லாரிக்காரரைக் காட்டி. "இவங்கதானே?"

"ஆமாங்க."

லாரிக்காரர் வசந்தாமணியை ஒருமுறை பார்த்தார். "இந்தப் பொம்பளைய நாளைக்கு இங்க பாக்கக் கூடாது" என்றார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அதில் ஒன்றின் வார் மடங்கிக்கொண்டது. குனிந்து அதை நிமிர்த்தினார். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியத்தைச் சொல்ல அந்த நேரம் போதும்.

உமாபதி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வசந்தாமணிதான் எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணா, அந்தப் பெட்டிய வெச்ச அன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன சொன்னேனுங்க?"

உமாபதி டம்ளரைப் பார்த்தார்.

"வேண்டாமுங்ணா, நாள் பூரா தட்டித் தட்டி, கை அதுபாட்டுக்குப் போயிரும்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"பழகிரும்னேன்."

"பழகிருச்சுங்ணா."

வசந்தாமணி அலமாரிச் சாவியைத் தங்கமுத்துவின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். தங்கமுத்து டீ சொல்லட்டுமா என்று கேட்டார். உமாபதி சரிங்க என்றார்.

மறுநாள் மாடிக்கு வந்தபோது குரு எதுவும் கேட்கவில்லை. உமாபதியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் வேலையைப் பார்த்தார். கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மதியம்வரை பொறுத்திருந்துவிட்டு உமாபதியே ஆரம்பித்தார்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்க மேடம்."

"இல்லை" என்றார் குரு. "நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க."

அதன் பிறகு உமாபதி வேலை செய்தார். அப்படி ஒரு வேலையை அவர் அதற்கு முன் செய்ததில்லை. பெட்டிகளை எல்லாம் எடுத்தார். ரத்தம் பிடித்து வைத்த சோதனைக் குழாயின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணை ஒரு கருவியே படித்து, உரிய பெயரைத் தானே திறக்கும்படி செய்தார். அனுப்பிய முடிவு உடனே போகாது. சற்று நேரம் திரையின் ஓரத்தில் நிற்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போன பிறகும் தவறு தெரிந்தால், ஒரே தட்டலில் 'முதலில் வந்ததை நம்ப வேண்டாம்' என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் செய்தி போகும். அந்த மென்பொருள் இப்போது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

எழுதி முடித்ததும் குருவை அழைத்தார். குரு உட்கார்ந்து வேண்டுமென்றே தவறு செய்து பார்த்தார். அவசரமாகத் தட்டினார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தட்டினார். ஒவ்வொரு தவறும் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கு, சார்" என்றார். அவர் அப்படிச் சொல்வது அரிது.

உமாபதி திரையைப் பார்த்தபடி சொன்னார். "முதல்லயே இப்படி எழுதியிருக்கலாமுங்க."

"எழுதியிருக்கலாம்."

"தங்கமுத்துக்கும் புடிச்சிருக்குதுங்க. வேற லேபுக்கும் சொல்றேங்கறாரு."

"சொல்லட்டும்."

உமாபதி பலகையருகே போனார். தன் கையெழுத்தில் அந்த வரி அங்கேயே இருந்தது. அதற்குமேல் எழுதப்பட்டவை ஒவ்வொன்றாக அழிந்து போயிருந்தன. வசந்தாமணி: படிக்காமல் ஆம் அழுத்துகிறார். அவர் டஸ்டரை எடுத்தார்.

"இதை அழிச்சுடட்டுங்களா மேடம்?"

"அவங்க வரட்டும், சார். உக்காந்து பாத்துட்டு அவங்க அழிக்கட்டும்."

"அவங்க அங்க இல்லீங்களே. புதுசா ஒரு பொண்ணைச் சேத்திருக்காங்க. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"அந்தப் பொண்ணு பேரா அங்க இருக்கு?"

கீழே டயர் கடையில் இரும்புச் சக்கரம் ஒன்று தரையில் விழுந்து, நெடுநேரம் சுழன்று அடங்கியது. உமாபதி டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வீட்டுக்குப் போயிருந்தேனுங்க. ரெண்டு தடவை. கதவைத் திறந்தாங்க. உள்ள வாங்கன்னு சொல்லல. என்ன விசயம்னு கேட்டாங்க. புதுசா எழுதியிருக்கேன், வந்து பாருங்கன்னு சொன்னேன். நல்லதுங்ணான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க." அவர் நிறுத்தினார். "அவங்க இங்க வர மாட்டாங்க மேடம்."

குரு அவர் கையிலிருந்து டஸ்டரை வாங்கி இருந்த இடத்தில் வைத்தார்.

"அப்ப அது அங்கேயே இருக்கட்டும், சார். பலகையில அதுக்குக் கீழ இடம் நெறைய இருக்கு. அடுத்ததை எழுதுங்க."