வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போடக் கேட்டவர்

எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் பர்வீனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். டீமிலேயே வயதில் சின்னவள், ஆனால் டீமை நடத்துவது அவள்தான். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, செய்த வரைக்கும் கொண்டுபோய், அதை உபயோகிக்கப் போகிறவர்களிடம் காட்டியாக வேண்டும். அது அவள் வைத்த சட்டம். மழையோ வெயிலோ, பேச்சே கிடையாது.

தேவசகாயம் அண்ணன் அவளைவிட ரொம்ப மூத்தவர், எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு மொபைல் ஆப் செய்வது அவர் பொறுப்பு. அந்த வெள்ளி காலையில் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"மாஸ்டர், இந்த ஒரு தடவை தள்ளிப்போடலாமா?"

"ஏண்ணே?"

"நோயாளிங்க நேரம் தேர்ந்தெடுக்கிற பக்கம் மட்டும்தான் ஓடுது. மிச்சத்தையும் முடிச்சுட்டு அடுத்த தடவை மொத்தமா காட்டிடறேன். பழைய கம்பெனியில அரைகுறையா காட்டி, எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். வேலையும் போச்சு. பயமா இருக்கு."

பாவம், நிஜமாகவே முகம் வெளிறியிருந்தது.

பர்வீன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஏறுங்கண்ணே."

சென்டரில் ஹெட் நர்ஸ் செண்பகவல்லி, டயாலிசிஸ் செய்துகொள்ளாமல் கிளம்பப் பார்த்த ஒரு லாரி டிரைவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு லோடு இருக்கு சிஸ்டர். அடுத்த தடவை வந்து சேத்துப் பண்ணிக்கறேன்."

"நீ சேத்துப் பண்ணிக்குவ. அதுவரைக்கும் உன் உடம்புல சேர்ற தண்ணியை யாருய்யா சுமக்கிறது? பேசாம படு!"

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே படுத்தார்.

தேவசகாயம் அண்ணன் பர்வீனைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவராகவே போனை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.

செண்பகவல்லி பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இவங்க எங்க சார் நேரம் தேர்ந்தெடுக்கிறது? நாங்க குடுக்கிற நேரம்தான், மாத்தவே முடியாது. வர முடியலைன்னா முன்னாடியே சொல்றதுக்கு ஒரு பட்டன் வைங்க, போதும். நானே போய் இழுத்துட்டு வந்துடறேன்."

வெளியே வந்ததும் அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வார உழைப்பு மாஸ்டர். அத்தனையும் வீண்."

பர்வீன் ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்தாள்.

"ரெண்டு வாரம்தானேண்ணே."