சூசையம்மாளின் உள்ளங்கை

காது கொடுக்கிறவர்கள் கொடுங்கள். விடை தெரிந்துவிட்டால் கடைசிவரை வாயைத் திறக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரும் யோசிக்கட்டும்.

சங்குத்திட்டு என்று ஒரு தீவு. சுற்றிலும் கடல், நடுவில் அந்தோனியார் கோயில், மிச்ச இடமெல்லாம் கொசு. போன மழைக்கு வந்த காய்ச்சல் சூசையம்மாளின் மூத்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது தொட்டிலில் கிடப்பது இரண்டாவது.

காய்ச்சல் பரப்பும் கொசுவின் வம்சத்தையே அறுத்துப் பார்ப்பது என்று பல நாட்டு டாக்டர்கள் கூடி முடிவெடுத்து, இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிக்கொசு கடல் தாண்டி வராது அல்லவா? இங்கே பலித்தால் மற்றக் கடல்களில் உள்ள தீவுகளுக்கும் செய்வார்களாம். வந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெட்டி பெட்டியாக ஆண் கொசுக்களைப் பறக்கவிடப் போகிறார்கள். ஆண் கொசு கடிக்காது, பூந்தேன் குடித்தே பிழைக்கும். இவற்றோடு கூடுகிற பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. அதனால் விட்ட கொசு ஊருக்குள் தங்கவேண்டும். மருந்தடித்தோ புகைபோட்டோ காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

ஊர்த்தலைவர் இஞ்ஞாசியார் நல்ல மனிதர். நீளமாகச் சொன்னால் ஊர் மறந்துவிடும் என்று பயந்து, எல்லாவற்றையும் ஒரே வரியாகச் சுருக்கிக் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யவைத்தார்: "ஒரு கொசுவையும் கொல்ல மாட்டோம்." மீறிய வீட்டு வள்ளம் திருவிழாக் கொடி ஏறும்வரை கடலில் இறங்கக் கூடாது. டாக்டரம்மாவின் பெட்டிகளும் திறந்தன.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மிக்கேல் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். கொசு கையில் உட்கார்ந்து, குடித்து, வயிறு பருத்துத் தானாகப் பறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். "மிக்கேல் அண்ணன் தெனமும் அசன விருந்து வைக்கிறாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் காய்ச்சலில் படுத்தார். அப்போதும் கையை வீசவில்லை.

வியாகுலம் வேறு மாதிரி. கொல்லத்தானே கூடாது? காலையும் மாலையும் வேப்பிலையும் பச்சை மட்டையும் போட்டுப் புகை மூட்டினான். அவன் வீட்டுக் கொசு, பக்கத்து வீட்டுக் கொசு எல்லாம் கூட்டமாகக் கடற்காற்றோடு போயின. தன் கையால் ஒன்றுகூடச் சாகவில்லை என்று அவனுக்குப் பெருமை.

ஒருநாள் காலை சூசையம்மாள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. எட்டிப் பார்த்தால், கன்னத்தில் ஒரு கொசு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மூத்தவன் கிடந்த கிடை அவள் கண்முன் வந்து நின்றது. பட்டென்று ஒரு அடி. பிள்ளை வீரிட்டது. வேலிக்கு அப்பால் நின்ற வியாகுலம் கோயில் மணியை அடிக்க ஓடினான்.

ஊர் கூடிவிட்டது. அவள் புருஷன் லாசர் தலை குனிந்து நின்றான். வள்ளம் கரையிலேயே கிடந்தால் அடுப்பு எரியாது. சூசையம்மாள் வலது கையை இறுக மூடியபடியே வந்தாள்.

"நான் ஒண்ணக்கூடக் கொல்லல தலைவரே. இவ அடிச்சத இந்தக் கண்ணால பாத்தேன்" என்றான் வியாகுலம்.

"அடிச்சியா தாயி?" என்று கேட்டார் இஞ்ஞாசியார்.

"அடிச்சேன் மாமா. எத அடிச்சேன்னு நீங்களே பாருங்க."

கையை விரித்தாள். நசுங்கிய கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ரத்தம்.

கதை இங்கே நிற்கட்டும். மிக்கேல், வியாகுலம், சூசையம்மாள் மூவரில் ஊர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது யார்? லாசரின் வள்ளம் கடலில் இறங்கலாமா, கூடாதா?

விடை: இறங்கலாம். டாக்டரம்மா விட்டது ஆண் கொசு, அதற்குக் கடிக்கத் தெரியாது. உள்ளங்கையில் ரத்தம் இருக்கிறதென்றால் செத்தது பழைய பகையாளிதான். சொல்லை அப்படியே காத்த மிக்கேல் பகைக்குச் சோறு போட்டு, தன் காய்ச்சலையும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஒன்றையும் கொல்லாத வியாகுலமோ வந்த விருந்தாளிகளைத் தீவைவிட்டே துரத்தினான். சத்தியத்தின் வரியை மீறியவள்தான், அந்தச் சத்தியம் எதற்காகவோ அதைக் காத்தாள். இஞ்ஞாசியார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, லாசரின் வள்ளத்திலேயே வியாகுலத்தின் புகைச்சட்டியை ஏற்றிக் கடலில் போடச் சொன்னார். அன்று முதல் சங்குத்திட்டில் கொசு அடித்தவர் கையை விரித்துக் காட்டவேண்டும். சிவந்திருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. காய்ச்சல் தெளிந்து எழுந்த மிக்கேல்தான் முதல் ஆளாக வந்து காட்டினார்.