பல்லி ஏன் உச்சுக் கொட்டுகிறது

அந்தக் காலத்தில் மாடு பேசியது, மரம் பேசியது, மனிதனுடைய வயிறும் பேசியது. மாடும் மரமும் ஊருக்கே கேட்கும்படி பேசின. வயிறு அப்படியல்ல. பசித்தால் மட்டும் சத்தம் போடும். நிறைந்துவிட்டால் "போதும்" என்று ஒரே ஒரு தடவை, மிக மெல்லிய குரலில் சொல்லும். அது வயிற்றுக்குச் சொந்தக்காரனுக்கே கேட்காது. அவன் மெல்லுகிற சத்தத்தில் அமுங்கிப் போய்விடும்.

பல்லிக்கு மட்டும் அது கேட்டது.

அதனால் வீட்டுக்கு ஒரு பல்லி இருந்தது. சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். கீழே யாருடைய வயிறாவது முணுமுணுத்தால், உடனே பெயர் சொல்லி அழைத்து, "போதும்!" என்று உரக்கச் சொல்லும். அழைக்கப்பட்டவர் அந்தக் கவளத்தை விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவப் போவார். அதில் வாதாட இடமே இல்லை. இருபது வயதில் இடுப்பில் கட்டிய அரைஞாண் கயிறு அறுபது வயதிலும் அதே முடிச்சோடு கிடந்தது. தொப்பை என்ற சொல் அப்போது யாருக்கும் தெரியாது.

மலையடியில் ஊற்றுப்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஓர் ஊற்று. அது பாறைக்கு உள்ளே இருந்தது. வருடந்தோறும் பங்குனி பிறந்தால் ஊற்றுக்கண்ணை மணலும் வேரும் அடைத்துக்கொள்ளும். ஒரு முழம்கூட அகலமில்லாத துளை வழியாக யாராவது உள்ளே இறங்கி, மூச்சை அடக்கி, அதை அள்ளி எடுக்க வேண்டும். பிள்ளைகளை அனுப்ப முடியாது; அது பழகியவர் செய்யும் வேலை. வேலாண்டி பழகியவன். கயிற்றைப் பிடித்து, உடம்பைச் சற்றே திருகி, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். அவன் இறங்கினால்தான் ஊருக்குத் தண்ணீர்.

வேலாண்டியின் மனைவி பூவாயி. அவள் கை மணம் எட்டு ஊருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவள் இரண்டாவது கரண்டியை எடுத்தாலே மேலிருந்து குரல் வந்துவிடும்.

"வேலாண்டி, போதும்!"

"பல்லியக்கா, இப்பத்தானே உக்காந்தாரு!"

"அவன் வயிறு சொல்லிருச்சு தாயி. நான் என்ன செய்ய?"

"வயிறா சமைச்சது? நான்ல சமைச்சேன்!"

பல்லி பொறுமையாகத்தான் பதில் சொல்லும். "உன் சமையல்ல குறை இல்ல பூவாயி. அவன் வயித்துல இடம் இல்ல. ரெண்டும் வேற வேற." இதை அது நாள்தோறும் சொல்லியது. பூவாயி நாள்தோறும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவளுடைய தம்பி சின்னக்காளை வருவதாகச் செய்தி வந்தது. மூன்று வருடம் கழித்து வருகிறான். பூவாயி விடியும் முன்பே எழுந்துவிட்டாள். தினைச்சோறு, வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, மொச்சைப் பொரியல், பணியாரம் என்று அடுப்பிலிருந்து இறக்கி இறக்கி வைத்தாள். கடைசியில் வெல்லப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிளறி, கமர்கட்டு உருட்டினாள்.

அப்போதுதான் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். வயிற்றெரிச்சலாக இருந்தது. பல்லி எப்படியும் தம்பியை இரண்டு கரண்டியில் எழுப்பிவிடும். அக்கா வீட்டில் ஒன்றுமே போடவில்லை என்று ஊரில் போய்ச் சொல்ல மாட்டானா?

"பல்லியக்கா, இன்னைக்கு ஒரு வேளை மட்டும் பேசாம இருங்களேன்."

"அது எப்படி தாயி? கேக்குறதைச் சொல்லாம இருக்க முடியுமா?"

பூவாயி உருட்டி வைத்த கமர்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். கையில் ஒன்றை எடுத்தாள்.

"சரி, போகட்டும். இத்தனை வருசம் இந்த வீட்டுல இருக்கீங்க, என் கையால ஒண்ணும் வாங்கித் தின்னதில்லை. இதையாவது தின்னுங்க."

"நான் பூச்சி தின்னு வந்துட்டேன். எனக்குப் பசிக்கல."

"பசிச்சாத்தான் திங்கணுமா? ஆசையா கொடுக்குறேன்ல?"

"வேண்டாம் தாயி."

"அப்ப என்னை மதிக்கல. அப்படித்தானே? எனக்காக ஒரே ஒரு வாய். ஒரு வாய் தின்னா குறைஞ்சா போயிருவீங்க?"

பூவாயியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. பல்லி தன் சொந்த வயிற்றைக் கவனித்தது. அது தெளிவாகத்தான் சொன்னது: "போதும்." ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லை எடுத்துச் சொன்ன பல்லி, அன்று அதைக் கேட்டும் கேளாததுபோல இருந்துவிட்டது. பிறர் மனம் நோகக் கூடாதே என்று வாயைத் திறந்தது.

இன்னும் சூடு ஆறாத பாகு. உள்ளே போனதும் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இறுகிவிட்டது. பல்லி நாக்கை இழுத்துப் பார்த்தது. "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

பூவாயிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு, சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

சின்னக்காளை வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான். இரண்டாவது கரண்டி விழுந்தது. வழக்கப்படி எழுந்திருக்கப் போனவன், உத்தரத்தைப் பார்த்தான். குரல் வரவில்லை. மூன்றாவது கரண்டி விழுந்தது.

"என்னக்கா, உங்க வீட்டுப் பல்லி தூங்குதா?"

"நீ சாப்பிடு தம்பி. உன் வயித்துல இன்னும் இடம் இருக்குன்னு அர்த்தம்."

"எனக்குமா?" என்றான் வேலாண்டி.

"உங்களுக்கும்தாங்க."

மேலே பல்லி, "ச்சு, ச்சு, ச்சு" என்று துடித்தது. கீழே மூன்று பேரும் பணியாரத்தைத் தீர்த்தார்கள். எழுந்திருக்க முடியாமல் கையூன்றி எழுந்தார்கள். அந்த ஊரில் அப்படி எழுந்தவர்கள் அவர்களே முதல்.

விஷயம் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு மங்காயி வந்து, "ஏண்டி, உன் வீட்ல மட்டும் சோறு எப்படி இவ்வளவு செல்லுது?" என்று கேட்டாள். பூவாயி மென்று விழுங்கி உண்மையைச் சொன்னாள். அன்று மாலை மங்காயி வீட்டில் வெல்லம் காய்ச்சிய வாசனை வந்தது. மறுநாள் தெருவே மணத்தது. ஊரிலுள்ள எல்லாப் பல்லிகளும் ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக்கொண்டன. ஒன்றுக்குக்கூட "வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஊர் சாப்பிட்டது. பசித்ததற்குச் சாப்பிட்டது, பிறகு பசிக்காததற்கும் சாப்பிட்டது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால், வீணாகப் போகிறதே என்று அம்மா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வயிறு குப்பைக் குழியா என்று பல்லி கேட்க நினைத்தது. "ச்சு" என்றுதான் வந்தது. கூத்துப் பார்க்கப் போனால் மடியில் வறுத்த கடலை. கூத்து முடிந்த பிறகுதான் கடலை தீர்ந்ததே தெரியும். மழை வந்தால் பணியாரம், மழை வராவிட்டால் அந்த வருத்தத்துக்குப் பணியாரம். வேலாண்டி உச்சிவெயிலில் சாப்பிட்டு அப்படியே சாய்ந்தான். சாயங்காலம் எழுந்ததும், "வாய் நமநமங்குது, ஏதாவது இருக்கா?" என்றான். மாசிக்குள் அவன் அரைஞாண் கயிறு அறுந்து விழுந்தது. பூவாயி கொஞ்சமும் கவலைப்படாமல் நீளமாக ஒன்று கட்டிவிட்டாள்.

பங்குனி பிறந்தது. ஊற்று அடைத்துக்கொண்டது. குடம் நிறைய ஒரு நாழிகை ஆனது. வேலாண்டி கயிற்றோடு பாறைக்குப் போனான். ஊர் சுற்றி நின்றது. கால் போயிற்று, முழங்கால் போயிற்று, தொடை போயிற்று. இடுப்பு நின்றுவிட்டது.

"மூச்சை இழு!" என்றார் ஊர்த்தலைவர்.

"இழுத்துட்டுதான் நிக்கிறேன்!"

ஆறு பேர் சேர்ந்து அவனை வெளியே இழுத்தார்கள். இரண்டு பக்கமும் தோல் வழன்றிருந்தது. "வேற யாராவது இறங்குங்கப்பா" என்று தலைவர் சுற்றிப் பார்த்தார். அவரவர் தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

"தலைவரே, அமாவாசை வரைக்கும் எனக்குத் தவணை கொடுங்க. இருபது நாள் இருக்கு. பழையபடி ஆகிக் காட்டுறேன்" என்றான் வேலாண்டி.

"அமாவாசைக்கு மேல தாங்காதுப்பா. அதுக்குள்ள ஊத்து மொத்தமா அடைச்சிரும். நீ இறங்கலேன்னா உளியை எடுத்துத் துளையைப் பெருசாக்க வேண்டியதுதான்."

"உளி வேண்டாம். அது ஒரே பாறை. வெடிச்சா தண்ணி எங்க ஓடும்னு யாருக்கும் தெரியாது."

வேலாண்டி வீட்டுக்கு வந்து உத்தரத்தடியில் நின்றான். பூவாயி கமர்கட்டு கொடுத்த கதையை எல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். வெந்நீரைத் தொட்டுத் தொட்டுப் பல்லியின் வாயில் வைத்தாள். நெய்யை உருக்கி விட்டாள். இத்தனை மாதத்தில் பாகு கல்லாகியிருந்தது.

"பல்லியக்கா, என் வயிறு பேசுறது எனக்குக் கேக்காது. சொல்ல முடியலேன்னாலும் ஏதாவது சத்தம் கொடுங்க."

பல்லி முழு பலத்தையும் திரட்டி, "ச்சு!" என்றது.

"அதுதான் போதுமா?"

பல்லி தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டியது.

வேலாண்டி சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாவது கரண்டி பாதியில் "ச்சு" கேட்டது. எழுந்துவிட்டான். அன்றிரவும் அப்படியே. பூவாயி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு கரண்டி என்று சொல்லவே இல்லை. பத்து நாளில் புதுக் கயிறு இடுப்பில் லேசாகத் தொங்கியது. பல்லி பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக ஒரு பூச்சி பிடித்தது.

பதினோராம் நாள் சின்னக்காளை வந்தான். கையில் ஒரு கூடை நிறைய வாழைப்பழமும் அதிரசமும். அவனும் நன்றாக உப்பியிருந்தான். பழக்கத்தைத் தன் ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டாவது கரண்டியில் பல்லி, "ச்சு, ச்சு" என்றது. வேலாண்டி கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"எங்க மச்சான் கிளம்பிட்டீங்க?"

"பல்லி சொல்லிருச்சு. போதும்னு அர்த்தம்."

சின்னக்காளை சிரித்தான். "அட, யார் சொன்னா? அது எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு பாருங்க. கிழக்குப் பக்கம். எங்க ஊர்ல கிழக்கால பல்லி சொன்னா விருந்தாளி வரப்போறான்னு அர்த்தம். இந்தா, வந்துட்டேன்ல! எவ்வளவு சரியா சொல்லியிருக்கு!"

பூவாயி திகைத்தாள். "நிஜமாவா தம்பி?"

"பின்னே? விருந்தாளி வந்திருக்கான், வீட்டுக்காரர் பாதியில எழுந்து போறாரு. நான் மட்டும் எப்படி திங்கிறது? எனக்காக ஒரே ஒரு அதிரசம், மச்சான்."

பல்லி தலையை இடமும் வலமும் ஆட்டியது. வாலை உத்தரத்தில் அடித்தது. "ச்சு! ச்சு! ச்சு! ச்சு!"

"பாருங்க, இன்னும் நாலு பேர் வராங்களாம். அக்கா, உலையில ரெண்டு படி சேர்த்துப் போடு."

வேலாண்டி பல்லியைப் பார்த்தான். அதிரசத்தைப் பார்த்தான். பல்லி என்ன சொல்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மச்சினன் சொன்ன அர்த்தம் அதைவிட இனிப்பாக இருந்தது. உட்கார்ந்தான். சின்னக்காளை ஒன்பது நாள் தங்கினான்.

அமாவாசை அன்று வேலாண்டி மறுபடி துளையில் இறங்கினான். இடுப்பு அதே இடத்தில் நின்றது. இந்த முறை அவனாகவே, "இழுத்துருங்க" என்றான்.

உளி கொண்டுவந்தார்கள். ஒரு சாண் வெட்டியதும் துளை பெரிதாயிற்று. எல்லோரும் மகிழ்ந்தார்கள். இன்னும் நான்கு விரல்கடை வெட்டினால் தாராளமாக இருக்குமே என்றார் தலைவர். அந்த நான்கு விரல்கடையில் பாறை மேலிருந்து கீழ்வரை "டப்" என்று பிளந்தது. உள்ளே தண்ணீர் எங்கோ இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஊற்றுப்பாறையில் இப்போது ஊற்று இல்லை. ஆற்றுக்கு அரைக் காதம் நடந்து போய்த்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். முதல் நாள் நடந்து களைத்துத் திரும்பியவர்கள், இவ்வளவு தூரம் நடந்தோமே என்று வழக்கத்தைவிட இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

உத்தரத்திலிருந்து பல்லி அவர்களைப் பார்த்தது. பிறகு சுவரில் இறங்கி, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, மெதுவாக உச்சுக் கொட்டியது.

அன்று முதல்தான் நாம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சுவரிலிருந்து பல்லி "ச்சு, ச்சு" என்கிறது. நாமும் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைக்காமல், அது எந்தத் திசையில் சொன்னது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.